பாரசீக வளைகுடாவை ஆண்டது லண்டனா, கல்கத்தாவா?

வாசகர் கேள்வி, ஜனவரி 9

பிரிட்டன் ஈரானுக்குள் புகுந்ததே எண்ணெய்க்காகத்தான். 1908ல் எண்ணெய் கிடைத்தது, 1914ல் ஆங்கிலோ-பாரசீக எண்ணெய்க் கம்பெனியை வாங்கினார்கள், 1953ல் பிரதமர் மொசாடெக்கைக் கவிழ்த்தார்கள். கதை அவ்வளவுதானே? இதில் இந்தியா எங்கே வருகிறது?

ஜனவரி 9, இரவு

எண்ணெய் கடைசியில் வந்த விருந்தாளி. மஸ்ஜித் சுலைமானில் எண்ணெய் பீறிட்டது 1908 மே 26ஆம் தேதி. அதற்கு 145 வருஷம் முன்பே, 1763ல், கிழக்கிந்தியக் கம்பெனி பாரசீகத்தின் (இன்றைய ஈரான்) வளைகுடாத் துறைமுகமான புஷேரில் ரெசிடென்சி, அதாவது தன் பிரதிநிதி அலுவலகம், திறந்துவிட்டது. அப்போது பாரசீகத்தை ஆண்ட கரீம் கான் சந்த் அவர்களுக்கு ஃபர்மான் (அரசாணை) கொடுத்தார்: சுங்கம் கிடையாது, கம்பளித் துணி இறக்குமதி இவர்களுக்கு மட்டுமே. இன்னும் பின்னால் போகலாம். 1622ல் ஷா அப்பாஸின் படை போர்த்துகீசியரிடமிருந்து ஹோர்முஸைப் பிடித்தபோது, கடல் பக்கம் நின்று சுட்டது கம்பெனியின் கப்பல்கள். கூலி என்ன தெரியுமா? பந்தர் அப்பாஸ் சுங்க வசூலில் பங்கு. (வட துருவப் பக்கம் ஒரு விரிகுடாவுக்கே பெயர் கொடுத்த மாலுமி வில்லியம் பாஃபின் செத்தது இந்தச் சண்டையில்தான், கெஷம் தீவில். பனிக்கட்டிக்குத் தப்பியவர் வளைகுடாவில் குண்டடிபட்டுச் செத்தார்.)

இந்தியா எங்கே வருகிறது என்கிறீர்கள். எல்லா இடத்திலும். புஷேர் ரெசிடென்ட் 1873 வரை பம்பாய் அரசாங்கத்தின் ஆள். அதற்குப் பிறகு கல்கத்தாவில் இருந்த இந்திய அரசின் வெளியுறவுத் துறை ஆள். அவருடைய காவல் சிப்பாய்கள் இந்தியர்கள். அவருக்குத் துணை நின்ற கப்பல்கள் நெடுங்காலம் பம்பாய் கடற்படையுடையவை. சம்பளம் இந்தியக் கஜானாவிலிருந்து. நாளைக்கு விரிவாக எழுதுகிறேன்.

ஜனவரி 10

எண்ணெய் அல்ல, இந்தியாதான் முதல் காரணம் என்பதற்கு ஆதாரம் கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்த வலுவான ஆதாரம் ஒரு வரைபடம்.

1907 ஆகஸ்ட் 31. ரஷ்யாவும் பிரிட்டனும் பாரசீகத்தை மூன்றாகப் பிரித்துக்கொண்டன. வடக்கு ரஷ்யாவுக்கு. தென்கிழக்கு பிரிட்டனுக்கு. நடுவில் இருந்தது பொதுப் பகுதி. பாரசீகத்தை யாரும் கேட்கவில்லை என்பது தனிக் கதை. இப்போது வரைபடத்தை எடுத்து பிரிட்டனின் பங்கைப் பாருங்கள். பந்தர் அப்பாஸ், கெர்மான், பிர்ஜந்த், சீஸ்தான். பெரும்பாலும் பாலைவனம், ஒட்டகப் பாதை, உப்புச் சதுப்பு. பாரசீகத்தில் எண்ணெய் உரிமை வாங்கியிருந்த டார்சியின் ஆட்கள் அப்போது வருஷக்கணக்காக எண்ணெய் தோண்டிக்கொண்டிருந்த தென்மேற்கு மூலை பொதுப் பகுதிக்குள் விழுந்துவிட்டது.

எண்ணெய்தான் குறி என்றால் எந்த முட்டாள் அப்படிக் கோடு போடுவான்? அவர்கள் கேட்டு வாங்கியது பலூசிஸ்தானுக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் ஒட்டிய நிலத்தை. ரஷ்யன் இந்தியாவை நோக்கி வருவதானால் நடக்க வேண்டிய நிலம் அது. நம் வீட்டுக்குக் காம்பவுண்டு சுவரைப் பக்கத்து வீட்டுக்காரன் மனையில் கட்டிவிட்டு, கொத்தனார் கூலியைக் குடித்தனக்காரனிடம் வாங்கிய மாதிரிதான்.

ஜனவரி 10, பிற்பகல்

மேலே ஒருவர் "அப்படியானால் டார்சிக்கு உரிமை வாங்கிக் கொடுத்தது யார்" என்கிறார். நியாயமான கேள்வி. 1901 மே 28, முசஃபருத்தீன் ஷா கையெழுத்து. 60 வருஷம், லாபத்தில் 16 சதவீதம் ஷாவுக்கு. டெஹ்ரானில் இருந்த பிரிட்டிஷ் தூதர் உதவினார், மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வடக்கு மாகாணங்கள் ஐந்தை விட்டுவிட்டுத்தான் அந்த உரிமை, ரஷ்யாவைச் சீண்ட வேண்டாம் என்பதற்காக. எண்ணெய் ஒப்பந்தத்திலேயே பாதுகாப்புக் கணக்கு முதலில் உட்கார்ந்திருக்கிறது.

ஜனவரி 12

1856 – 57 பிரிட்டிஷ்-பாரசீகப் போரைப் பற்றி நம் பாடப் புத்தகங்களில் ஒரு வரிகூடக் கிடையாது. அது இந்தியாவிலிருந்து போன போர்.

காரணம் ஆப்கானிஸ்தானின் மேற்கு ஓரத்து நகரமான ஹெராத். பாரசீகம் 1856 அக்டோபரில் ஹெராத்தைப் பிடித்தது. ஹெராத் கையை விட்டுப் போனால் காந்தஹார், காந்தஹார் போனால் சிந்து நதி என்று கல்கத்தாவில் பயம். இதே ஹெராத்துக்காக 1838ல் ஒருமுறை கார்க் தீவைப் பிடித்து வைத்துக்கொண்டு ஷாவை மிரட்டியிருந்தார்கள். அது பலித்தது. அதனால் இந்த முறையும் ஆப்கானிஸ்தான் மலையேறாமல், பம்பாயிலிருந்து கப்பலில் ஏறி வளைகுடாவுக்குப் போனார்கள். டிசம்பரில் புஷேர் விழுந்தது. 1857 பிப்ரவரி 8ல் குஷாப்பில் சண்டை. தளபதி ஜேம்ஸ் அவுட்ரம்.

எனக்கு இதில் மறக்க முடியாத பகுதி இனிமேல்தான். மார்ச் 4ல் பாரிஸில் சமாதான உடன்படிக்கை கையெழுத்தாகிவிட்டது. செய்தி வரவில்லை. மார்ச் 14ல் படைத்தலைவர் ஸ்டாக்கர் புஷேரில் தன்னையே சுட்டுக்கொண்டார். மூன்று நாள் கழித்துக் கடற்படைத் தலைவர் எதர்சியும் அதே வழி. மார்ச் 26ல் அவுட்ரம் முகமராவைத் தாக்கிப் பிடித்தார். இன்றைய கொர்ரம்ஷர்தான் முகமரா. ஏப்ரல் 1ல் அஹ்வாஸ் வரை போனார்கள். அதற்கும் சில நாள் கழித்துத்தான் "போர் முடிந்துவிட்டது" என்ற தகவல் கைக்கு வந்தது. முகமராவில் இறந்தவர்கள் போர் முடிந்து மூன்று வாரம் கழித்து இறந்தவர்கள்.

அடுத்த மாதம் மீரட்டில் சிப்பாய்க் கிளர்ச்சி. அவுட்ரமும் ஹேவ்லாக்கும் பாரசீகத்திலிருந்து நேராகத் திரும்பி வந்துதான் கான்பூர், லக்னோ பக்கம் போனார்கள். பாரிஸ் பேச்சுவார்த்தை இன்னும் இரண்டு மாதம் இழுத்திருந்தால் அந்தப் பட்டாளம் புஷேர் மணலில் உட்கார்ந்திருக்கும். 1857 வேறு மாதிரிப் போயிருக்குமா என்று கேட்காதீர்கள். தெரியாது. ஆனால் யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

ஜனவரி 12, இரவு

செலவு யார் கொடுத்தது என்று கேட்டவருக்கு: அந்தப் போரின் கூடுதல் செலவில் பாதி இந்தியா தலையில். ஹெராத் எங்கே இருக்கிறது என்று கேட்டால் நம் ஊர் ரயத்துவாரி விவசாயி என்ன சொல்லியிருப்பான்?

ஜனவரி 13

தமிழ்நாட்டுத் தொடர்பு உண்டா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். தேடி இழுத்து ஒட்ட விருப்பமில்லை. ஆனால் உண்மையாகவே இரண்டு இருக்கின்றன.

ஒன்று, மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் போர் விருதுகளில் "பெர்ஷியா" என்று ஒன்று உண்டு. 1857ல் வாங்கியது. இன்று பெங்களூரில் இருக்கும் அதே படைப்பிரிவுதான். அவர்களைத் தம்பி என்று பொருள்பட "தம்பிகள்" என்றே ராணுவத்தில் கூப்பிடுவார்கள்.

இரண்டாவது, ஜான் மால்கம். பதின்மூன்று, பதினான்கு வயசுப் பையனாக 1783ல் மெட்ராஸ் பட்டாளத்தில் சேர வந்து இறங்கியவர். ஸ்ரீரங்கப்பட்டணம், திப்பு, எல்லாம் பார்த்துவிட்டு 1800ல் பாரசீகத் தூது போனார். நெப்போலியன் எகிப்தில் இறங்கியதும் கல்கத்தாவுக்குத் தூக்கம் போய்விட்டது. அந்தத் தூக்கமின்மையின் விளைவு மால்கம். பரிசுகளை அள்ளி வீசினார். பாரசீகத்துக்கு உருளைக்கிழங்கு கொண்டுவந்தவர் அவர்தான் என்று ஒரு கதை உண்டு.

வேடிக்கை 1808ல். லண்டன் ஹார்ஃபர்ட் ஜோன்ஸைத் தூது அனுப்பியது. அதே வருஷம் கல்கத்தா மால்கமை அனுப்பியது. ஒரே ஷாவிடம், ஒரே நாட்டின் பேரால், இரண்டு தூதுவர்கள், ஒருவரை ஒருவர் ஒழிக்கும் வெறியோடு. மால்கமை புஷேரைத் தாண்டவே பாரசீகர்கள் விடவில்லை. கோபித்துக்கொண்டு திரும்பிவிட்டார். ஜோன்ஸ் 1809ல் உடன்படிக்கை வாங்கினார். உடனே கல்கத்தா அவரை நம்பாமல் 1810ல் மால்கமை மறுபடி அனுப்பியது! பாரசீக அரசவையில் எப்படிச் சிரித்திருப்பார்கள்.

இந்த இழையின் தலைப்புக்கு நான் கொடுக்கும் நேர்மையான பதில் இந்த 1808தான். இரண்டு பேரும். ஒருவருக்கொருவர் தெரியாமல்கூட இல்லை, தெரிந்தே.

ஜனவரி 17

இன்று கடலடித் தந்திக் கேபிள் பற்றி.

1857ல் தகவல் தாமதத்தால் பட்ட அடி லண்டனுக்கு உறைத்தது. 1864ல் கராச்சிப் பக்கத்திலிருந்து குவாதர், முசந்தம், புஷேர், ஃபாவ் என்று கடலடியில் தந்திக் கம்பி போட்டார்கள். அங்கிருந்து துருக்கித் தரைவழியாக ஐரோப்பா. இதற்கென்றே இந்திய அரசில் தனித் துறை. பாரசீகத்தின் தென்கரை முழுக்கத் தந்தி நிலையங்கள்: ஜாஸ்க், ஹெஞ்சாம், புஷேர். ஒவ்வொன்றிலும் சில குமாஸ்தாக்கள், ஒரு கொடிமரம், காவலுக்குச் சிப்பாய்கள். கம்பியைக் காக்கிறேன் என்று ஒரு ஊரில் காலூன்றினால் அப்புறம் எழுப்புவது கஷ்டம்.

நான் ராஸ் அல் கைமாவில் வேலை பார்த்த காலத்தில் ஓமானின் கஸாபுக்கு விடுமுறை நாளில் போவோம். அங்கே மரப்படகில் சுற்றிக் காட்டுவார்கள். மலைகளுக்கு நடுவே கடல் பாம்பு மாதிரி நுழைந்திருக்கும். உள்ளே ஒரு சின்னத் தீவு. அந்தக் கேபிள் நிலையம் இருந்த இடம். படகுக்காரர் அதைக் காட்டி "டெலிகிராஃப்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு டால்பின் பார்க்கத் திரும்பிவிட்டார். நாங்கள் மட்டும் கேட்டுக்கொண்டு இறங்கினோம். கல் படிக்கட்டு கொஞ்சம், அடித்தளச் சுவர் கொஞ்சம். நாலு எட்டு வைத்தால் தீவு முடிந்துவிடும். மூன்று பக்கமும் செங்குத்துப் பாறை, காற்றுக்கு வழி இல்லை. நாங்கள் போனது குளிர் மாதம், அப்போதே பாறை சூடாக இருந்தது. ஜூலையில் இங்கே உட்கார்ந்து தந்திக் கருவியைத் தட்டியவனை நினைத்துப் பார்த்தேன். சில வருஷத்திலேயே மூடிவிட்டார்கள், 1860களோடு சரி. நிலத்தில் வைத்தால் உள்ளூர்க்காரர்கள் தொல்லை என்று தீவில் வைத்தார்கள். தீவு வேறு தொல்லை கொடுத்தது.

கூட வந்தவர்களில் ஒருவர், "இந்தக் கல்லுக்கா முந்நூறு திர்ஹம் கொடுத்தோம்" என்றார். டால்பினுக்கு என்று சமாதானம் சொன்னேன்.

ஜனவரி 18

"ரெசிடென்ட் என்றால் கலெக்டர் மாதிரியா?" இல்லை, ஆனால் கேள்வி நல்ல கேள்வி.

கலெக்டருக்கு ஜில்லா சொந்த மண். புஷேர் ரெசிடென்ட் உட்கார்ந்திருந்தது வேறு ஒரு அரசரின் ஊரில், வாடகைக்கு வந்தவன் போல. சட்டப்படி அது பாரசீகம். ஆனால் அங்கிருந்துகொண்டே அவர் எதிர்க்கரை அரபு ஷேக்குகளை மேய்த்தார். 1820 பொது உடன்படிக்கை, 1835 கடல் போர்நிறுத்தம், 1853 நிரந்தரச் சமாதானம், எல்லாவற்றையும் நடத்தியது இந்த அலுவலகம். 1878ல் இவருக்கு இன்னொரு தொப்பியும் வைத்தார்கள்: தென் பாரசீகத்துக்குக் கான்சல் ஜெனரல். ரெசிடென்ட் என்ற தொப்பியில் கல்கத்தாவுக்குக் கடிதம், கான்சல் என்ற தொப்பியில் டெஹ்ரான் தூதருக்குக் கடிதம். இரண்டு இடத்திலிருந்தும் நேர் எதிரான உத்தரவு வரும் நாட்களும் இருந்திருக்க வேண்டும். கோப்புகளைப் படிக்கும்போது அந்த எரிச்சல் கடித நடையிலேயே தெரிகிறது.

இன்னொரு விஷயம். ஆள் மிகக் குறைவு. ரெசிடென்சியில் இருந்த வெள்ளை அதிகாரிகளை ஒரு பெரிய சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார வைத்துவிடலாம். மீதி வேலை? ஷார்ஜா, பஹ்ரைன், லிங்கா, ஷிராஸ் போன்ற இடங்களில் "சுதேசி முகவர்கள்". பெரும்பாலும் அரபு, பாரசீக, இந்திய வியாபாரிகள். சம்பளம் அற்பம். ஆனால் பிரிட்டிஷ் முகவர் என்ற பெயர் இருந்தால் சரக்கை யாரும் தொடமாட்டார்கள், கடன்காரன் ஏமாற்றமாட்டான். அந்தப் பாதுகாப்பே அவர்களுக்குச் சம்பளம். சாம்ராஜ்யத்துக்குப் பாதி வேலை ஓசியில் முடிந்தது. பஹ்ரைனில் 1900 வரை இதே ஏற்பாடுதான்.

கொள்ளைநோய்த் தடுப்பையும் விட்டுவிடக் கூடாது. புஷேர் ரெசிடென்சி டாக்டர்தான் பாரசீகத் துறைமுகங்களின் தனிமைப்படுத்தல் வேலைக்கும் தலைவர். பம்பாயில் பிளேக் பரவிய காலத்தில் ஒரு கப்பலை நிறுத்துவதா விடுவதா என்று முடிவு செய்தவர் அவர். மருந்துப் பெட்டியும் அதிகாரம்தான்.

ஜனவரி 18, பின்னிரவு

கோப்புகளை எங்கே படிக்கிறீர்கள் என்று கேட்டவருக்கு: புஷேர் ரெசிடென்சியின் பழைய காகிதங்கள் இந்தியா ஆபீஸ் ஆவணங்களோடு லண்டனில் இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதியைக் கத்தார் தேசிய நூலகமும் பிரிட்டிஷ் நூலகமும் சேர்ந்து இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கின்றன. ஒருமுறை உள்ளே போனால் ராத்திரி போய்விடும். எச்சரிக்கை.

ஜனவரி 22

"எல்லாம் இந்தியா, இந்தியா என்கிறீர்களே, கர்சன் என்ன, இந்தியரா?" என்று ஒரு கிண்டல். சரி, கர்சனையே எடுத்துக்கொள்வோம்.

1903 நவம்பர். வைஸ்ராய் கர்சன் போர்க்கப்பல்கள் சூழ வளைகுடாவைச் சுற்றிவந்தார். ஷார்ஜாவுக்கு எதிரே கப்பல் தளத்தில் தர்பார் வைத்து, ஷேக்குகளை வரிசையாக உட்கார வைத்து உபதேசம் பண்ணினார். அப்புறம் புஷேர். இங்கே முதலில் யார் யாரைப் போய்ப் பார்ப்பது என்ற தகராறு. பாரசீக ஆளுநர் கப்பலுக்கு வரட்டும் என்றார் கர்சன். வைஸ்ராய் முதலில் கரைக்கு வரட்டும் என்றது பாரசீகம். முடிவு? வைஸ்ராய் இறங்கவே இல்லை. தன் சொந்த ரெசிடென்சி இருக்கும் ஊரின் கரையில் கால் வைக்காமல் கப்பலைத் திருப்பினார்.

பாரசீகத்தைக் கைக்குள் போட்ட கதைகளையே சொல்லிக்கொண்டிருக்கிறோம். அது ஒருபோதும் குடியேற்ற நாடு ஆகவில்லை என்பதற்கு இந்தச் சம்பவம் போதும். ஷாவின் அரசாங்கம் கடன்பட்டது, பலவீனமானது, ஆனாலும் அதற்கு ஒரு கௌரவம் இருந்தது. அதை எங்கே காட்ட வேண்டும் என்றும் தெரிந்திருந்தது.

ஜனவரி 23

முதல் நாள் நான் எழுதியதில் எண்ணெயைக் கொஞ்சம் அதிகமாகவே ஒதுக்கிவிட்டதாகப் படிக்கிறவர்களுக்குத் தோன்றலாம். எண்ணெய் வந்தபின் என்ன ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அங்கேயும் பழைய இந்திய இயந்திரம்தான் ஓடியது.

எண்ணெய் தோண்டிக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்களுக்குப் பக்தியாரி மலைக்குடிகளிடமிருந்து காவல் வேண்டும் என்றார்கள். யாரை அனுப்பினார்கள்? 18வது வங்காளக் குதிரைப்படையில் சுமார் 20 பேர், தலைமைக்கு ஆர்னல்ட் வில்சன் என்ற இளம் லெஃப்டினன்ட். எண்ணெய் பீறிட்டபோது அவர் அங்கே இருந்தார். ரகசியமாகத் தகவல் சொல்ல வேண்டும், சங்கேதப் புத்தகம் கையில் இல்லை. அதனால் பைபிளில் 104ஆம் சங்கீதம், 15ஆம் வசனத்தைப் பார்க்கவும் என்று தந்தி கொடுத்தாராம். அதில் முகத்துக்குக் களை கொடுக்கும் எண்ணெய் பற்றி வரும். அவரே சொன்ன கதை.

அடுத்து அபாதான். சுத்திகரிப்பு ஆலைக்கு இடம் வேண்டும். தீவு முகமரா ஷேக் கசால் கையில். 1909ல் போய்ப் பேரம் பேசியவர் எண்ணெய்க் கம்பெனி வக்கீல் இல்லை. புஷேர் ரெசிடென்ட் பெர்சி காக்ஸ். வருஷ வாடகை 650 பவுண்டு, கூடவே ஷேக்குக்கு 10,000 பவுண்டு கடன். இந்திய அரசின் சம்பளத்தில் இருக்கும் அதிகாரி, லண்டன் தனியார் கம்பெனிக்கு நிலத் தரகு பார்க்கிறார். டெஹ்ரானில் ஷா அரசாங்கம் இருக்க, அதன் மாகாணத் தலைவர் ஒருவரோடு நேராக ஒப்பந்தம். பின்னால் 1925ல் ரேசா கான் (அந்த வருஷக் கடைசியில் ஷா ஆனவர்) இதே கசாலைப் பிடித்து டெஹ்ரானுக்குக் கொண்டுபோனபோது பிரிட்டன் கையைப் பிசைந்துகொண்டு நின்றது.

1914ல் சர்ச்சில் கடற்படைக்கு எண்ணெய் வேண்டும் என்று எண்ணெய்க் கம்பெனியின் பெரும்பங்கை 22 லட்சம் பவுண்டுக்கு அரசாங்கத்துக்கே வாங்கினார். சில மாதத்தில் உலகப்போர். அபாதானைக் காக்க முதலில் கப்பலேறியது யார்? பம்பாயிலிருந்து பூனா டிவிஷன். துருக்கி போரில் குதிக்கும் முன்பே அக்டோபரில் கிளம்பி பஹ்ரைன் அருகே காத்திருந்தார்கள். நவம்பர் 6ல் ஃபாவ். அந்தப் படைதான் பின்னால் மெசபடோமியாவுக்குள் போய்ப் போய்க் கூட் முற்றுகையில் சிக்கிப் பட்டினி கிடந்தது.

அபாதானில் வேலை செய்த தொழிலாளிகளிலும் இந்தியர் ஏராளம். ரங்கூன் எண்ணெய் ஆலைகளிலிருந்து பழகிய கைகளைக் கூட்டிவந்தார்கள். 1920லும் 1922லும் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். 1922ல் பலரைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். வளைகுடாவில் வேலைக்குப் போய், சம்பளம் கேட்டு, திரும்பி வரும் கதை எண்ணெய் வளைகுடாவை விடப் பழசு இல்லை, அதே வயசு.

ஜனவரி 23, இரவு

டயர் பற்றிக் கேட்டது சரிதான். ஜாலியன்வாலாபாக் டயர் 1916ல் சீஸ்தானில் பாரசீக எல்லையில் நின்ற பிரிட்டிஷ் படைக்குத் தலைவர். ஜெர்மன் ஆட்கள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழையாமல் தடுக்கும் வேலி. அந்தப் படைக்குச் சோறு கொண்டுபோகத்தான் நுஷ்கியிலிருந்து தண்டவாளத்தை இன்றைய ஜாஹிதான் வரை இழுத்தார்கள். ஜாஹிதானில் இன்றும் சீக்கியர்களின் குருத்வாரா உண்டு. பந்தர் அப்பாஸில் 1892ல் கட்டிய இந்துக் கோயில் இன்னும் நிற்கிறது. கோபுரத்தின் படத்தை எனக்குக் காட்டியவர் கூட வேலை பார்த்த புஷேர்க்காரர்.

ஜனவரி 24

அந்தப் புஷேர்க்காரரைப் பற்றியே சொல்லிவிடுகிறேன்.

நல்ல மனிதர். எது கெட்டாலும், ஏர் கண்டிஷனர் நின்றால்கூட, "இங்கிலீஸ்காரன் வேலை" என்று சொல்லிச் சிரிப்பார். ஈரானில் பழைய நகைச்சுவை இது. ஆனால் ரயீஸ் அலி தெல்வாரி பெயர் வந்தால் சிரிப்பு நின்றுவிடும். 1915 ஆகஸ்டில் பிரிட்டிஷ் படை புஷேரைப் பிடித்தபோது எதிர்த்து நின்ற தங்கேஸ்தான் தலைவர். அதே செப்டம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் இறந்த நாளை ஈரான் இன்றும் பிரிட்டிஷ் காலனியத்துக்கு எதிரான நாளாக அனுசரிக்கிறது.

ஒருநாள் அவர் என்னிடம் கேட்டார்: "எங்களைச் சுட்ட சிப்பாய்கள் உங்கள் ஆட்கள், தெரியுமா?" தெரியும் என்றேன். உங்கள் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்களா என்றார். இல்லை என்றேன். அவர் கோபப்படவில்லை. டீ ஊற்றிக் கொடுத்தார். எங்கள் பள்ளியில் நாதிர் ஷா டெல்லியில் செய்ததையும் முழுசாகச் சொல்லமாட்டார்கள் என்றார். சமன் ஆகிவிட்டதாக இருவரும் வைத்துக்கொண்டோம்.

ஆனால் சமன் ஆகவில்லை. பாரசீகர்களின் நினைவில் "இங்கிலீஸ்காரன்" மட்டும் நிற்கிறான், தலைப்பாகையோடு நின்ற நம் ஆள் நழுவிவிட்டான். நம் நினைவில் புஷேர் என்ற பெயரே இல்லை.

ஜனவரி 29

செலவுக் கணக்கைக் கேட்டு மூன்றாவது முறையாக எழுதியிருக்கும் நண்பருக்கு.

டெஹ்ரான் தூதரகம் லண்டனின் வெளியுறவு அலுவலகத்துக்குக் கீழ். 1859ல் கொஞ்ச நாள் இந்தியா அமைச்சரகத்துக்கு மாற்றினார்கள், 1860ல் திரும்பப் பிடுங்கிக்கொண்டார்கள். அதில் வெறுத்துத்தான் தூதர் ராலின்சன் ராஜினாமா செய்தார். ஆளும் உரிமை லண்டனுக்குப் போனது, செலவில் பங்கு இந்தியாவிடமே நின்றது. இந்தச் சண்டை நாற்பது வருஷம் நடந்தது. 1895ல் இந்தியச் செலவுகளை ஆராய வெல்பி கமிஷன் வைத்தார்கள். உறுப்பினர்களில் ஒருவர் தாதாபாய் நௌரோஜி. 1900ல் அறிக்கை: பாரசீகத் தூதரக, கான்சல் செலவை இரண்டு நாடும் சரிபாதியாகப் பங்கிடலாம். நௌரோஜி அதோடு திருப்தியாகாமல் தனிக் குறிப்பு எழுதினார். இந்தியாவின் எல்லைக்கு வெளியே நடக்கும் எதற்கும் இந்தியா ஏன் கொடுக்க வேண்டும் என்பது அவர் வாதம். வாதத்தில் ஓட்டையே இல்லை. பயன்தான் இல்லை.

"இந்தியாவைக் காக்கத்தானே செலவு, இந்தியா கொடுப்பதில் என்ன தப்பு" என்று அன்றும் சொன்னார்கள், இந்த இழையிலும் ஒருவர் சொல்கிறார். யாரிடமிருந்து யாருக்காகக் காத்தார்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ரஷ்யா வந்திருந்தால் நமக்கு நல்லது என்று சொல்லவில்லை. முடிவெடுத்த மேசையில் நாற்காலி இல்லாதவனிடம் பில்லைக் கொடுத்தார்கள் என்கிறேன்.

ஜனவரி 29, மதியம்

1919 ஒப்பந்தம்: கர்சன் இப்போது வெளியுறவு அமைச்சர். பாரசீகத்தின் கஜானாவுக்கும் பட்டாளத்துக்கும் பிரிட்டிஷ் ஆலோசகர்கள், 20 லட்சம் பவுண்டு கடன். கையெழுத்துப் போட்ட மூன்று பாரசீக அமைச்சர்களுக்கு 131,000 பவுண்டு கையூட்டு. மஜ்லிஸ் (பாரசீக நாடாளுமன்றம்) ஒப்புக்கொள்ளவே இல்லை. 1921ல் ரேசா கான் வந்தார், ஒப்பந்தம் குப்பைக்குப் போனது. பிரிட்டிஷ் அதிகாரி சைக்ஸ் கட்டிய தென் பாரசீக ரைஃபிள்ஸ் படையும் அதே வருஷம் கலைந்தது. இவ்வளவு போதும், இது தனி இழைக்கான விஷயம்.

பிப்ரவரி 3

அந்த ரேசா ஷாவே 1941 செப்டம்பர் 16ல் பதவி விலகினார். அதற்கு மூன்று வாரம் முன்பு, ஆகஸ்ட் 25 விடியற்காலை, வடக்கிலிருந்து சோவியத், தெற்கிலிருந்து பிரிட்டன். அபாதானில் இறங்கியது மறுபடியும் இந்தியக் காலாட்படை. கப்பலில் கொண்டுபோனவர்கள் அவரைப் பம்பாய் துறைமுகத்துக்குக் கூட்டிவந்து, கரை இறங்க விடாமல், வேறு கப்பலில் மாற்றி மொரீஷியஸ் அனுப்பினார்கள். கரை தெரிகிறது, இறங்க முடியாது. 1903ல் புஷேருக்கு எதிரே கர்சன் தானாக வீம்புக்குச் செய்ததை இவரை வம்படியாகச் செய்ய வைத்தார்கள். 1944ல் ஜோஹன்னஸ்பர்க்கில் இறந்தார்.

பிப்ரவரி 4

1947க்குப் பிறகு? ரெசிடென்சி அதற்கு ஒரு வருஷம் முன்பே, 1946ல், புஷேரிலிருந்து பஹ்ரைனுக்கு மாறிவிட்டது. இந்தியா கையை விட்டுப் போனதும் வளைகுடா வெளியுறவு அலுவலகத்துக்கு வந்தது. செலவும் கூடவே வந்தது. அதன்பின் 24 வருஷம்தான் தாக்குப்பிடித்தார்கள். 1968 ஜனவரியில் காசு இல்லை, 1971க்குள் கிளம்புகிறோம் என்று பிரதமர் ஹரோல்ட் வில்சன் அரசு அறிவித்தபோது, அபுதாபி ஷேக் படைச் செலவை நாங்களே தருகிறோம், இருங்கள் என்று சொல்லிப் பார்த்தார். லண்டன் வேண்டாம் என்றது. இந்தியா ஒன்றரை நூற்றாண்டு கேட்காமலே கொடுத்ததை, ஒரு ஷேக் கேட்டுக் கொடுக்க வந்தும் வாங்கவில்லை.

1971 நவம்பர் 30ல், பிரிட்டிஷ் பாதுகாப்பு உடன்படிக்கை முடிய ஒரு நாள் இருக்கும்போது, ஈரான் படை தும்ப் தீவுகளிலும் அபு மூசாவிலும் இறங்கியது. அந்தத் தகராறு இன்றுவரை ஓடுகிறது.

பிப்ரவரி 4, இரவு

தபால்தலை சேகரிக்கும் நண்பருக்கு மட்டும். புஷேரில் 1864லிருந்து 1923 வரை இந்தியத் தபால் நிலையம் இருந்தது, சாதாரண இந்தியத் தபால்தலையைத்தான் விற்றார்கள். ஆகவே ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட ஒரு அணா தலையில் புஷேர் முத்திரை இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். என்னிடம் ஒன்று இருக்கிறது, முத்திரை பாதிதான் விழுந்திருக்கிறது, "SHIRE" என்ற எழுத்துகள் இடத்தில் மை கசிந்திருக்கும். விலை ஒன்றும் பெரிதில்லை. ஆனால் 1915ல் பிரிட்டிஷ் ஆக்கிரமிப்பு என்று பாரசீகத் தலை மேல் அச்சடித்ததை யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். போலி ஏராளம். நிபுணர் சான்றிதழ் இல்லாமல் தொடவே தொடாதீர்கள்.